கேள்வி–பதில்: கொரியத் தொடர்களும் அவற்றை ஆக்குகிறவர்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் கொரியத் தொடர்களைப் பற்றியவையே மிகுதி. அவற்றிலும் பெரும்பாலானவை நடிகர்களைப் பற்றிய விசாரிப்புகள். நடிகர்களைப் பற்றிய செய்திகள் எங்கும் கிடைக்கின்றன. ஆகவே, தொடர்கள் எப்படி உருவாகின்றன, யார் உருவாக்குகிறார்கள் என்று கேட்ட கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பதில்களைச் சுருக்கிக்கொள்ளாமல் எழுதியிருக்கிறேன்.

நம் தொடர்கள் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. கொரியத் தொடர்கள் மட்டும் பதினாறு பகுதிகளில் எப்படி முடிந்துவிடுகின்றன?
— வாசகி, திண்டுக்கல்

எல்லாத் தொடர்களும் அப்படி முடிவதில்லை. அங்கேயும் திங்கள் முதல் வெள்ளி வரை அரைமணி நேரம் ஓடும் அன்றாடத் தொடர்கள் உண்டு; அவை நூறு பகுதிகளைத் தாண்டும். கேபிஎஸ் தொலைக்காட்சியின் வார இறுதிக் குடும்பத் தொடர்கள் ஏறக்குறைய ஐம்பது பகுதிகள் வரை போகும். எம்பிசி தொலைக்காட்சியில் ஓர் உழவர் குடும்பத்தின் வாழ்க்கையைச் சொன்ன ‘நாட்டுப்புற நாட்குறிப்பு’ என்ற தொடர் 1980இல் தொடங்கி 2002 வரை 1,088 பகுதிகள் ஒளிபரப்பானது. அதில் குடும்பத் தலைவராக நடித்த சோய் புல்லாம், 1989 வரை அதே தொலைக்காட்சியின் ‘புலனாய்வுத் தலைவர்’ தொடரில் காவல்துறை அதிகாரியாகவும் நடித்துவந்தார். ஒரு தலைமுறைக் கொரியர்களுக்கு அவர் வீட்டுப் பெரியவர் போல.

நமக்கு வந்து சேர்பவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. திங்கள்–செவ்வாய், புதன்–வியாழன், வார இறுதி என்று வாரத்தில் இரண்டு இரவுகள் மட்டும் ஒளிபரப்பாகி, ஒவ்வொரு பகுதியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டு, எட்டு வாரங்களில் நிறைவு பெறும் குறுந்தொடர்கள் அவை. இப்போது பன்னிரண்டு பகுதிகளாகவும் சுருங்கி வருகின்றன. இந்த அளவு முன்கூட்டியே முடிவாகிவிடுவதால், முதல் பகுதியை எழுதும்போதே கதை எங்கே போய் நிற்கும் என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் வாரத்தில் சாதாரணமாகச் சொல்லப்பட்ட ஒரு வரி எட்டாவது வாரத்தில் வேறு பொருளோடு திரும்பி வருவதற்கு இதுவே காரணம்.

‘இன்ன எழுத்தாளரின் புதிய தொடர்’ என்றே அங்கே விளம்பரப்படுத்துகிறார்களாமே? இயக்குநரைவிட எழுத்தாளர் அத்தனை பெரியவரா?
— வாசகர், மதுரை

ஆம். திரைப்படத்துறையில் கொரியாவிலும் இயக்குநருக்கே முதலிடம், தொலைக்காட்சியிலோ எழுத்தாளருக்கு. நம் தொடர்களில் கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் இன்னொருவர் என்று பெயர்கள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் எழுத்தாளர்கள் குழுவாக அமர்ந்து பகுதிகளைப் பிரித்துக்கொள்வது வழக்கம். கொரியாவில் முதற்பகுதியின் முதற்சொல்லிலிருந்து நிறைவுப் பகுதியின் கடைசிச் சொல் வரை பெரும்பாலும் ஒருவரே எழுதுகிறார். தகவல் திரட்டித் தரவும் நேர்காணல் செய்துவரவும் துணை எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். ஆனால், கதாபாத்திரங்களின் பேச்சு ஒரே மனத்திலிருந்து வருகிறது. கொரியத் தொடர்களில் என்னை ஈர்த்தது முதலில் இதுதான்.

இந்த மரபை நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் 1943இல் பிறந்த கிம் சூஹியோன். இளம் நடிகர் ஒருவருக்கும் இதே பெயர் உண்டு, இருவரும் வேறு. இவர் எழுதிய வசனத்தில் ஓர் அசையைக்கூட நடிகர்கள் மாற்றக் கூடாது என்பது அத்துறையில் எழுதப்படாத சட்டமாக இருந்தது. 1991–92இல் எம்பிசியில் வந்த இவருடைய ‘காதல் என்றால் என்ன’ என்ற குடும்பத் தொடர் 1997இல் சீன மத்தியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, கொரியத் தொடர்கள் கடல் கடந்து புகழ் பெறுவதற்கு வாசலைத் திறந்தது.

அடுத்து, எழுத்தாளர் சோங் ஜினாவும் இயக்குநர் கிம் ஜோங்ஹாக்கும். 1995 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியில் வாரத்துக்கு நான்கு இரவுகளாக ஒளிபரப்பான இவர்களுடைய ‘மணற்கடிகாரம்’ தொடரைப் பார்ப்பதற்காக மக்கள் அலுவலகத்திலிருந்து நேரே வீடு திரும்பினார்கள். சியோல் தெருக்கள் வெறிச்சோடின. 1980 மே மாதம் குவாங்ஜூ நகரில் மக்களாட்சி கேட்டுத் திரண்ட குடிமக்கள்மீது இராணுவம் நடத்திய படுகொலையைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே நாடு தயங்கிய காலம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. அந்த நிகழ்வை, உண்மையான ஆவணப் படக்காட்சிகளையும் சேர்த்து, வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்தது இத்தொடர். அதே ஆண்டு டிசம்பரில், அந்தப் படுகொலைக்குப் பொறுப்பானவராகக் கருதப்பட்ட முன்னாள் அதிபர் சுன் டூஹ்வான் கைது செய்யப்பட்டார். ஒரு தொடர் அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், அந்த ஆண்டின் மனநிலையை அறிய விரும்புகிறவர் அத்தொடரை ஒதுக்கிவிட முடியாது.

இன்றைய வரிசையில் பெண்களே மிகுதி. ‘காப்ளின்’, ‘மிஸ்டர் சன்ஷைன்’, ‘த குளோரி’ ஆகியவற்றை எழுதிய கிம் உன்சுக். ‘நட்சத்திரத்திலிருந்து வந்த நீ’, ‘க்ராஷ் லேண்டிங் ஆன் யூ’, ‘குவீன் ஆஃப் டியர்ஸ்’ எழுதிய பார்க் ஜியுன். முதியவர்களையும் உழைக்கும் மக்களையும் விட்டு அகலாத நோ ஹீகியோங். ‘மை மிஸ்டர்’ எழுதிய பார்க் ஹேயோங். ‘க்ராஷ் லேண்டிங்’ தொடரில் வட கொரியச் சிற்றூரின் சமையலறையும் சந்தையும் அத்தனை நுணுக்கமாக அமைந்ததற்கு, வடக்கிலிருந்து தப்பி வந்த ஒருவரே எழுத்துக் குழுவில் ஆலோசகராக இருந்தது ஒரு காரணம்.

எழுத்தாளரின் மதிப்பு சந்தையிலும் தெரிந்தது. 2016இல் உருவான ஸ்டூடியோ டிராகன் என்ற தயாரிப்பு நிறுவனம், அதே ஆண்டில் வாங்கிச் சேர்த்துக்கொண்டவை கிம் உன்சுக், பார்க் ஜியுன், ‘டே ஜாங் கும்’ எழுதிய கிம் யோங்ஹியோன் ஆகியோர் சார்ந்திருந்த நிறுவனங்களை. படப்பிடிப்புத் தளங்களையோ நட்சத்திரங்களையோ வளைத்துப் போடுவதற்கு முன்பாக, எழுதும் கைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள அது விரைந்தது.

அப்படிப்பட்ட எழுத்தாளராக அங்கே ஒருவர் எப்படி ஆகிறார்? கற்றுத்தரும் இடம் உண்டா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

உண்டு. கொரிய ஒலி–ஒளிபரப்பு எழுத்தாளர் சங்கமே சியோலின் யோய்தோ பகுதியில் ஒரு பயிற்சி நிலையத்தை நடத்துகிறது. இன்று புகழோடு இருக்கும் பலர் அதன் வகுப்புகளில் அமர்ந்தவர்கள். தொலைக்காட்சிகள் ஆண்டுதோறும் ஒற்றைப் பகுதி நாடகங்களுக்கான போட்டிகளை நடத்துகின்றன. அதில் தேர்வாகும் ஒரு மணி நேர நாடகமே புதியவர் நுழையும் வழி. பெரிய தொலைக்காட்சிகள் இந்த ஒற்றை நாடகங்களை இலாபமில்லை என்று நிறுத்திவிடப் பார்க்கும்போதெல்லாம் எழுத்தாளர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்புவது இதனால்தான். டிவிஎன் தொலைக்காட்சியை நடத்தும் சிஜே நிறுவனமும் 2017 முதல் ‘ஓப்பன்’ என்ற பெயரில் புதியவர்களுக்கு எழுதும் அறையும் உதவித்தொகையும் தரும் திட்டத்தை நடத்திவருகிறது. இன்னொரு வழி, மூத்த எழுத்தாளரிடம் துணை எழுத்தாளராகச் சேர்வது. அந்த வழியில் ஊதியம் குறைவு, காலம் நீளம், பெயர் பின்னால்தான் வரும்.

காலையில் எழுதி, மாலையில் படமெடுத்து, இரவில் ஒளிபரப்புவார்கள் என்று படித்தேன். இது மிகைப்படுத்தலா?
— வாசகர், கோயம்புத்தூர்

மிகையல்ல. ஏறக்குறைய பத்தாண்டுகளுக்கு முன்பு வரை அதுவே நடைமுறை. ஒளிபரப்புத் தொடங்கும்போது நான்கைந்து பகுதிகள் கைவசம் இருக்கும். வாரத்துக்கு இரண்டு பகுதிகள், அதாவது இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட படம் வேண்டும். அது ஒரு முழுநீளத் திரைப்படத்தின் அளவு. மூன்றாம் வாரத்துக்குள் கைவசம் இருந்தது தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு எழுத்தாளர் ஒரு காட்சியை முடித்ததும் அந்தத் துண்டுத் தாள் மட்டும் படப்பிடிப்புத் தளத்துக்குப் போகும். காட்சியின் முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பது தெரியாமலே நடிகர்கள் நடிப்பார்கள். பார்வையாளர்கள் எந்தப் பாத்திரத்தை விரும்புகிறார்கள் என்று பார்த்துக் கதையைத் திருப்புவதற்கு இது வசதி என்று சிலர் இதை ஆதரித்ததும் உண்டு. அந்த வசதிக்கான விலையை மற்றவர்கள் தூக்கத்தால் கொடுத்தார்கள்.

2011 மார்ச்சில் எஸ்பிஎஸ்ஸின் ‘சைன்’ தொடரின் நிறைவுப் பகுதி ஓடிக்கொண்டிருக்கையில் திரையில் வண்ணப்பட்டைகள் தோன்றின; ஒலி அறுந்தது. ஒளிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே படத்தொகுப்பும் நடந்துகொண்டிருந்ததன் விளைவு அது. அதே ஆண்டு ஆகஸ்டில் வேறொரு தொடரின் கதாநாயகி படப்பிடிப்பைத் தாங்க முடியாமல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டுப் போய்விட, அன்றைய பகுதிக்குப் பதிலாகப் பழைய காட்சிகளின் தொகுப்பை ஒளிபரப்பினார்கள். நாடு முழுவதும் அவரைத் திட்டியது. அவர் சொன்ன குறை நியாயமானது என்று பேசியவர்கள் அன்று குறைவு.

நடிகரின் களைப்புக்காவது செய்தியில் இடம் கிடைக்கும். விளக்குத் தூக்குகிறவருக்கும் ஒலிவாங்கி பிடிக்கிறவருக்கும் அதுவும் இல்லை. 2016 அக்டோபரில் டிவிஎன் தொடர் ஒன்றில் பணியாற்றிய இளம் உதவி இயக்குநர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஓய்வற்ற வேலை மட்டுமின்றி, ஒப்பந்தப் பணியாளர்களை நீக்கி, கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கும் பொறுப்பும் தம்மீது சுமத்தப்பட்டதைத் தாங்க முடியாதவராக அவர் இருந்தார் என்பது அவர் விட்டுச்சென்ற குறிப்பிலிருந்து தெரிந்தது. குடும்பத்தார் விடாமல் போராடியதால் 2017இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மகனின் பெயரால் ஊடகத் தொழிலாளர்களுக்கான மனித உரிமை மையம் ஒன்று 2018 தொடக்கத்தில் அமைந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2017 டிசம்பரில், ‘ஹ்வாயுகி’ தொடரின் தளத்தில் சரவிளக்கு மாட்ட மேலே ஏறிய கலைப்பிரிவுத் தொழிலாளி கீழே விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அதே தொடரின் இரண்டாம் பகுதியில், நடிகர்களைத் தொங்கவிடும் கம்பிகள் அழிக்கப்படாமல் திரையில் தெரிய, ஒளிபரப்பே பாதியில் நின்றது. பார்வையாளர்கள் கம்பிகளைப் பற்றிப் பேசியதில் பாதியேனும் கீழே விழுந்தவரைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

மாற்றம் இரண்டு பக்கங்களிலிருந்து வந்தது. ஒன்று வணிகம். 2016இல் கேபிஎஸ்ஸில் வந்த ‘டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன்’ தொடரைச் சீனாவிலும் அதே நேரத்தில் வெளியிட வேண்டுமென்றால், முழுத் தொடரையும் முன்கூட்டியே அங்குள்ள தணிக்கைக்குக் கொடுத்தாக வேண்டும். எனவே பதினாறு பகுதிகளும் ஒளிபரப்புக்கு முன்பே படமாக்கப்பட்டன. தொடர் பெரும் வெற்றி பெற்றது. முன்கூட்டியே எடுத்தால் மக்கள் மனநிலையைப் பிடிக்க முடியாது என்ற பழைய வாதம் அத்தோடு வலுவிழந்தது. பின்னர் வந்த நெட்ஃபிளிக்ஸும் எல்லாவற்றையும் முன்னதாகவே முடித்துத் தரும்படி கேட்டது. ‘சைன்’ தொடரை எழுதிய கிம் உன்ஹீதான் 2019இல் ‘கிங்டம்’ தொடரையும் எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், அவசரமில்லாமல் எழுதக் கிடைத்த காலம் அவருக்கு என்ன செய்தது என்பது விளங்கும்.

மற்றொன்று சட்டம். வேலைநேர வரம்பிலிருந்து விலக்குப் பெற்றிருந்த தொழில்களின் பட்டியல் 2018இல் வெட்டிக் குறைக்கப்பட்டபோது ஒளிபரப்புத் துறையும் அந்த விலக்கை இழந்தது. வாரத்துக்கு 52 மணி நேரம் என்ற வரம்பு பெரிய நிறுவனங்களில் 2019 ஜூலையிலும், சிறியவற்றில் 2021 ஜூலைக்குள்ளும் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் விளக்கு, ஒலி, கலை ஆகிய பிரிவுகளைக் குழுத் தலைவரிடம் மொத்தத் தொகைக்கு ஒப்படைத்துவிட்டு, குழுவினரைத் தொழிலாளர் கணக்கிலேயே சேர்க்காமல் விடும் பழக்கம் தொடர்ந்ததால், சட்டத்தின் பயன் அவர்களை முழுமையாகச் சேரவில்லை. இதற்கிடையில் இயக்குநர் ஷின் வோன்ஹோவும் எழுத்தாளர் லீ ஊஜோங்கும் 2020இல் ‘ஹாஸ்பிடல் பிளேலிஸ்ட்’ தொடரை வாரத்துக்கு ஒரே பகுதி என்று அமைத்தார்கள். வேலை செய்கிறவர்கள் மூச்சுவிட வேண்டும் என்பதைக் காரணமாக வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்தத் தொடரில் யாரும் அவசரப்படுவதே இல்லை. அந்த நிதானம் தளத்திலிருந்தே வந்தது என்று நம்புகிறேன்.

‘டே ஜாங் கும்’ நாயகி உண்மையில் வாழ்ந்தவரா?
— வாசகி, யாழ்ப்பாணம்

வாழ்ந்தவர்தான். ஜோசன் அரச வம்சத்தின் நாளாகமத்தில், ஜுங்ஜோங் மன்னர் காலத்தில், ஜாங்கும் என்ற மருத்துவப் பெண்ணின் பெயர் பல இடங்களில் வருகிறது. மன்னர் தம் நோயின் நிலையை அந்தப் பெண் மருத்துவர் அறிவார் என்று சொன்னதாக 1544ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று உண்டு. குறிப்புகள் எல்லாமே சில வரிகள்தாம். அந்தச் சில வரிகளிலிருந்து எழுத்தாளர் கிம் யோங்ஹியோனும் இயக்குநர் லீ பியோங்ஹூனும் 54 பகுதிகளை எழுப்பினார்கள். அரண்மனைச் சமையற்கட்டு வாழ்க்கை முழுவதும் கற்பனை. உங்கள் நாட்டில் 2012இல் ரூபவாஹினி இத்தொடரைச் சிங்களத்தில் ‘சுஜாதா தியணி’ என்ற பெயரில் ஒளிபரப்பியபோது கிடைத்த வரவேற்பை நீங்களே அறிவீர்கள்.

‘ஸ்குவிட் கேம்’ உலகம் முழுவதும் அள்ளிய பணத்தில் அதை ஆக்கியவருக்கு என்ன கிடைத்தது?
— வாசகர், சென்னை

ஒப்பந்தத்தில் குறித்த தொகை கிடைத்தது. 2021 செப்டம்பரில் வெளியான முதற்பருவத்தை எத்தனை கோடிப் பேர் பார்த்தாலும் அதற்கேற்ற கூடுதல் பங்கு எதுவும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. உரிமை முழுவதும் நெட்ஃபிளிக்ஸுடையது.

ஹ்வாங் டோங்ஹ்யுக் இந்தக் கதையை 2008இல் எழுதத் தொடங்கியவர். அவரே கடனில் இருந்த காலம் அது. அடுத்த ஆண்டு எழுதி முடித்தபோது, நம்ப முடியாத கதை, கொடூரமான கதை என்று சொல்லி முதலீட்டாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். பத்தாண்டு கழித்து அதை ஏற்றுக்கொண்டது நெட்ஃபிளிக்ஸ்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒன்பது பகுதிகளையும் தனியொருவராக எழுதி இயக்கியதில் அவருடைய பற்கள் விழுந்தன. நாயகன் கிஹுன் வேலையிழந்த மோட்டார் ஆலையின் கதை, 2009இல் சாங்யோங் மோட்டார் தொழிலாளர்கள் பியோங்டேக் ஆலைக்குள் 77 நாள் நடத்திய வேலைநிறுத்தத்தையும் அது அடக்கப்பட்ட விதத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நம் மகிந்திரா நிறுவனம் பின்னர் வாங்கி, சில ஆண்டுகள் நடத்திய அதே நிறுவனம்.

2022இல் ஹ்வாங்குக்கு இயக்கத்துக்காகவும், லீ ஜுங்ஜேவுக்கு நடிப்புக்காகவும் எம்மி விருதுகள் கிடைத்தன. மேலே சொன்ன ‘மணற்கடிகாரம்’ தொடரில், நாயகியின் பின்னால் அதிகம் பேசாமல் நிற்கும் மெய்க்காப்பாளராக நடித்து 1995இல் புகழ் பெற்றவரும் இதே லீ ஜுங்ஜேதான்.

உரிமையைக் கையில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ’ எடுத்துக்காட்டு. ஏஸ்டோரி என்ற தயாரிப்பு நிறுவனம் கதையின் உரிமையைத் தானே வைத்துக்கொண்டு, யாரும் பெயர்கூட அறியாத இஎன்ஏ என்ற சிறு தொலைக்காட்சிக்கு ஒளிபரப்பையும் நெட்ஃபிளிக்ஸுக்கு வெளியீட்டையும் மட்டும் கொடுத்தது. 2022 ஜூனில் முதற்பகுதியின் பார்வையாளர் அளவு ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. நிறைவுப் பகுதி 17 விழுக்காட்டைத் தாண்டியது. சித்திரக்கதை, மேடை, பிறமொழி ஆக்கம் என எதற்கும் உரிமை கொடுப்பது அந்தத் தயாரிப்பாளரின் கையில் இருந்தது. கொரியத் தயாரிப்பாளர்கள் எல்லோரும் இந்த வழியைப் பின்பற்ற வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்; ஆனால், உயர்ந்துகொண்டே போகும் நட்சத்திர ஊதியத்தையும் தயாரிப்புச் செலவையும் சமாளிக்க, முன்பணமாக முழுத் தொகையையும் தருகிற இடத்துக்கே அவர்களில் பலர் போகிறார்கள். உள்ளூர்த் தொலைக்காட்சிகளோ விளம்பர வருவாய் குறைந்ததால் தொடர்களுக்கான நேரத்தையே குறைத்துவருகின்றன.

‘ஸ்குவிட் கேம்’ தொடரில் அலியாக நடித்தவர் இந்தியரா?
— வாசகர், சேலம்

இந்தியர். அனுபம் திரிபாதி. டில்லியில் மேடை நாடகங்களில் நடித்துவந்தவர், உதவித்தொகை பெற்று 2010இல் கொரியத் தேசியக் கலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கொரியத் தொடர்களில் தெற்காசியத் தொழிலாளர்கள் நகைப்புக்குரியவர்களாகவே காட்டப்பட்டுவந்த நிலையில், அலி ஒரு முழு மனிதராக எழுதப்பட்டது குறிப்பிடத்தக்கது.

எல்லாத் தொடரிலும் ஒரே கடையின் சாண்ட்விச்சையே சாப்பிடுகிறார்களே?
— வாசகி, ஈரோடு

அது விளம்பரம். கதைக்குள் பொருள்களைக் காட்டிப் பணம் பெறுவதை 2010இல் கொரிய அரசு விதிகளுக்குட்பட்டு அனுமதித்தது. தொலைக்காட்சி நிறுவனம் தயாரிப்புச் செலவு முழுவதையும் தருவதில்லை என்பதால் குறைத் தொகையைத் தயாரிப்பாளர் இப்படி நிரப்பிக்கொள்கிறார். சில வேளைகளில் இது திருப்பித் தாக்கும்: 2021இல் ‘வின்செஞ்சோ’ தொடரில் சீன நிறுவனத்தின் பெயர் பொறித்த பிபிம்பாப் என்ற கொரியச் சோற்றுணவு வந்தபோது, எங்கள் உணவை அவர்கள் பெயரில் காட்டுவதா என்று மக்கள் கொதித்தார்கள், மறுவெளியீட்டில் அந்தக் காட்சி நீக்கப்பட்டது.

மக்கள் எதிர்ப்பால் ஒரு தொடரையே நிறுத்திவிட்டார்கள் என்பது உண்மையா? அது சரிதானா?
— ஆசிரியர், தஞ்சாவூர்

உண்மை. 2021 மார்ச்சில் எஸ்பிஎஸ்ஸில் ‘ஜோசன் எக்ஸார்சிஸ்ட்’ இரண்டே பகுதிகளோடு நின்றது. பிற்காலத்தில் சேஜோங் மன்னராகப் போகும் இளவரசர், வெளிநாட்டுப் பாதிரியாருக்குச் சீன நிலவுப் பணியாரமும் சீன முட்டையும் வைத்து விருந்தளிப்பதாக ஒரு காட்சி. கொரிய எழுத்தை ஆக்கித் தந்தவர் சேஜோங் மன்னர். கொரியப் பண்பாட்டுக் கூறுகளைச் சீனா தன்னுடையவை என்று உரிமை கொண்டாடுகிறது என்ற கோபம் ஏற்கெனவே மூண்டிருந்த நேரம் வேறு. விளம்பரதாரர்கள் ஒருவர் பின் ஒருவராக விலக, பெரும்பகுதி படமாகியிருந்த தொடர் ஒரே வாரத்தில் கைவிடப்பட்டது.

அந்தக் காட்சி கவனக்குறைவானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், காட்சியைத் திருத்தி மன்னிப்புக் கேட்ட பிறகு தொடரைத் தொடர விட்டிருக்கலாம் என்றே கருதுகிறேன். எழுத்தாளர் ஒருவரின் பிழைக்காக, அதில் எந்தப் பங்கும் இல்லாத நூற்றுக்கணக்கானவர்களின் மாதக்கணக்கான உழைப்பு பெட்டிக்குள் போய்விட்டது.

பணக்கார வாரிசு, ஏழைப் பெண், நினைவிழப்பு, விபத்து. எத்தனை முறைதான் பார்ப்பது?
— வாசகர், புதுச்சேரி

உங்கள் சலிப்பு நியாயமானது. 2002இல் யூன் சோக்ஹோ இயக்கிய ‘வின்டர் சொனாட்டா’வில் நினைவிழப்பும் விபத்தும் முதற்காதலும் பனியும் சேர்ந்து ஜப்பானிய நடுவயதுப் பெண்களின் நெஞ்சைத் தொட்டன, தொடர் படமாக்கப்பட்ட நாமி தீவின் மரவரிசையைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வென்ற கூட்டுச்சரக்கைத் தொழில் எளிதில் விடாது. கிம் உன்சுக்கே 2004இல் ‘பாரிஸ் காதலர்கள்’ தொடரில் பணக்கார வாரிசைக் கொண்டு பார்வையாளர் அளவில் 50 விழுக்காட்டைத் தாண்டியவர். ஆனால், அதே எழுத்தாளர் ‘த குளோரி’யில் பள்ளி வன்முறைக்கு ஆளான பெண்ணைப் படைத்து, பணத்தை மீட்பராக அல்லாமல் கொடுமைக்குத் துணையாகக் காட்டினார். நாட்டில் அந்தப் பேச்சு எழுந்தபோது, தொடரின் இயக்குநரே இளமையில் தாம் செய்த வன்முறைக்காக 2023 மார்ச்சில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

வேறு சுவை வேண்டுமானால் இயக்குநர் கிம் வோன்சோக்கின் தொடர்களைத் தேடுங்கள். 2014இல் வந்த அவருடைய ‘மிசேங்’, யூன் டேஹோவின் இணையச் சித்திரக்கதையிலிருந்து உருவானது. வணிக நிறுவனம் ஒன்றில் ஒப்பந்த ஊழியராக நுழையும் ஜாங் குரே என்ற இளைஞனின் கதை. காதல் இல்லை, வாரிசும் இல்லை. அந்த ஆண்டு இறுதியில் ஒப்பந்தப் பணிக் காலத்தை இரண்டு ஆண்டிலிருந்து நான்காக நீட்டும் திட்டத்தை அரசு முன்வைத்தபோது, செய்தித்தாள்கள் அதை ‘ஜாங் குரே சட்டம்’ என்றே அழைத்தன. தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்தன. சித்திரக்கதையின் ஆசிரியரும், தம் பாத்திரத்தின் பெயர் அதற்குப் பயன்படுவதை ஏற்கவில்லை. 2025இல் கிம் வோன்சோக் இயக்கிய ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’, ஜேஜூ தீவில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் தாயின் மகளை அவளுடைய முதுமை வரை தொடர்கிறது. அதை எழுதிய லிம் சாங்சுன் என்பது புனைபெயர். ஆணா பெண்ணா என்று தெரியாத பெயராக அவரே தேர்ந்துகொண்டது.

ஒரே ஒரு தொடரைப் பார்க்கத்தான் எனக்கு நேரமிருக்கும். எதைப் பார்க்கட்டும்?
— வாசகி, சிங்கப்பூர்

2018இல் வந்த ‘மை மிஸ்டர்’. எழுதியவர் பார்க் ஹேயோங், இயக்கியவர் கிம் வோன்சோக். கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் நடுவயதுப் பொறியாளராக, 2023இல் மறைந்த லீ சுன்கியுன். காது கேளாத பாட்டியையும் கடனையும் சுமக்கும் இளம் ஒப்பந்த ஊழியராகப் பாடகி ஐயூ. அந்தப் பெண் அவருடைய கைப்பேசியை ஒட்டுக்கேட்கத் தொடங்குகிறாள். பிறர் அறியாத ஒரு மனிதரின் அன்றாடத்தைக் காதால் மட்டுமே அறிகிறாள். காதல் கதை என்று எண்ணிப் பார்க்க வேண்டாம். தொடக்கப் பகுதிகளில் அந்தப் பெண் அடிபடும் காட்சிகள் கடுமையானவை, ஒளியும் மங்கல். அவற்றால் பாதியில் விட்டவர்கள் பலர். நான்காம் பகுதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.